பழைய ஆஸ்டினும் பின்கட்டுக் கொட்டகையும்

லண்டன் மாநகரின் வடபுறத்தில் மஸ்வெல் ஹில் என்றொரு குடியிருப்பு உண்டு. அங்கே ஒரு வீட்டின் பின்புறத்திலிருந்த சிறிய கார் ஷெட்டில், 1948-ஆம் ஆண்டு, இருபது வயது நிரம்பியும் நிரம்பாததுமான ஒரு கல்லூரி மாணவர், பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கைக்கருவிகள் சிலவற்றின் துணையோடு, அதற்கு வேறோர் உருவம் கொடுக்க முனைந்திருந்தார். வீடு அவருடையதன்று, பிற்காலத்தில் அவருக்கு மனைவியாகப் போகிற ஹேஸல் வில்லியம்ஸ் என்ற பெண்மணியின் பெற்றோருடையது. மாணவரின் பெயர் காலின் சாப்மன். பின்னாளில் உலகக் கார்ப் பந்தயத்தில் ஏழு முறை கம்பெனிகளுக்குரிய சாம்பியன் பட்டத்தைத் தட்டிச் சென்ற லோட்டஸ் என்னும் கம்பெனியின் சரித்திரம் அந்த ஷெட்டில்தான் தொடங்குகிறது.

அந்த ஆஸ்டின் அவரிடம் வந்து சேர்ந்ததும் ஒரு நஷ்டக் கதைதான். யுனிவர்சிட்டி காலேஜில் பொறியியல் படித்துக்கொண்டே பழைய கார்களை வாங்கி விற்று நாலு காசு சேர்த்து வந்த சாப்மனுக்கு, 1947-ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் சாதாரண ஜனங்களுக்கான பெட்ரோல் ரேஷனை அறவே நிறுத்திவிட்டபோது, பேரிடி விழுந்தது. பெட்ரோல் கிடைக்காத ஊரில் காரை யார் வாங்குவார்? கையிருப்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டதில் சேர்த்த பணமெல்லாம் கரைந்துபோக, எவரும் சீந்தாமல் கடைசியில் எஞ்சிய வண்டிதான் அது. விற்க முடியாததை என்ன செய்வது? பிரித்து வேறொன்றாகக் கட்டினார். போதாக்குறைக்கு அதே சமயத்தில் பட்டப் பரீட்சையில் கணிதத் தாளில் தேறாமல் போய், அதை மறுபடி எழுதி ஓராண்டு தாமதித்தே பட்டம் பெற்றார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். பிள்ளைகளின் மதிப்பெண் தாளைப் பார்த்துப் பெருமூச்சு விடும் பெற்றோருக்குச் சற்று ஆறுதலாக இருக்கும்.

தம் கையாலேயே ஒரு காரைக் கட்டினார் என்று கேள்விப்பட்டதும், இரும்பைக் காய்ச்சி எஞ்சினை வார்த்து, ரப்பரை உருக்கி டயரைச் செய்தார் போலும் என்று மலைத்துவிட வேண்டியதில்லை. பழைய வீட்டை இடித்து, அதன் தேக்கு உத்தரங்களையும் நிலைக்கதவையும் ஜன்னல் கம்பிகளையும் பத்திரமாக எடுத்து வைத்து, அவற்றைக் கொண்டே அடுத்த மனையில் தன் மனத்துக்கிசைந்த புது வீடு ஒன்றைக் கட்டிக்கொள்வதில்லையா? அதைப் போன்றதே இந்தக் காரியமும். எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்ஸில், ஸ்டியரிங், பிரேக் ஆகியவை ஏதோ ஒரு சாதாரணக் குடும்பக் காரிலிருந்து வருகின்றன. அவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் எலும்புக்கூடும், மேலே போர்த்தும் தோலும், எந்த உறுப்பு எங்கே அமர வேண்டும் என்ற நிர்ணயமும் கட்டுகிறவருடையவை.

அந்த விதத்தில், உறுப்பு தானம் செய்வதற்கென்றே அவதாரம் எடுத்தது போல் அமைந்தது ஆஸ்டின் செவன். 1922-இல் வெளிவந்து, 1939 வரையில் லட்சக்கணக்கில் உற்பத்தியான இந்தக் குட்டிக் காரின் எஞ்சின் வெறும் 747 ஸி.ஸி. அதன் அமைப்பு எவரும் ஸ்பானரை எடுத்துப் பழகிக்கொள்ளும்படி எளியது. யுத்தத்துக்குப் பிறகு அது அற்ப விலைக்கு எங்கும் கிடைத்தது. யுத்தத்துக்கு முன்பே அலெக் இஸ்ஸிகோனிஸ் என்ற இளைஞர், ஜார்ஜ் டௌஸன் என்ற நண்பரோடு சேர்ந்து, ஆஸ்டினின் உறுப்புகளைக் கொண்டு ஒற்றை ஆள் பந்தயக் கார் ஒன்றை ஆண்டுக்கணக்கில் கையாலேயே இழைத்து 1938-இல் முடித்திருந்தார். அதற்கென்று சேஸிஸ் ஒன்று தனியாகக் கிடையாது. ஒட்டுப் பலகையின் மேல் அலுமினியத் தகடு ஒட்டிய உடலே எலும்பாகவும் இருந்தது. எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பரை வைத்திருந்தார். இருபதாண்டுகள் கழித்து, 1959-இல், அதே இஸ்ஸிகோனிஸ் உலகப் பிரசித்தி பெற்ற மினி காரை வடிவமைத்தபோது அதிலும் ரப்பர் ஸ்பிரிங்குகள் இருந்ததைக் கண்டு, டௌஸன் ஒருவேளை புன்னகை செய்திருப்பார்.

இன்னொரு ஷெட்டின் கதை இதைவிட விசித்திரமானது. லண்டனுக்குத் தென்மேற்கே ஸர்பிடனில் கராஜ் நடத்திவந்த சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் 1946-இல் 500 ஸி.ஸி. பந்தயக் கார் ஒன்று செய்ய விரும்பினார்கள். சக்கரங்கள் நான்கும் தனித்தனியே ஏறி இறங்கும்படியான அமைப்பு வேண்டும். அது ஃபியட் டோபோலினோ என்ற சிறிய காரின் முன்பக்கத்தில் மட்டுமே இருந்தது. ஆகவே இரண்டு டோபோலினோக்களின் முன்பக்கங்களை அறுத்தெடுத்து, முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த ஜே.ஏ.பி. எஞ்சினைச் சங்கிலியால் பின்சக்கரத்தோடு பிணைக்க வேண்டியிருந்ததால், சங்கிலி நீளாமலிருக்க எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். சித்தாந்தம் ஒன்றும் இல்லை. சங்கிலியின் சௌகரியம், அவ்வளவே. ஆனால் அந்தச் சௌகரியத்திலிருந்து கிளைத்த கார்களில்தான் ஜாக் பிராபம் 1959-இலும் 1960-இலும் உலகச் சாம்பியன் ஆனார். அதன் பிறகு சில வருஷங்களுக்குள் கிராண்ட் பிரீ பந்தயங்களில் முன்னால் எஞ்சின் வைத்த காரே இல்லாமற் போயிற்று.

இவர்கள் அனைவரையும் ஒன்றுசேர்ப்பது தரித்திரந்தான் என்று எனக்குப் படுகிறது. பெரிய எஞ்சின் வாங்கப் பணமில்லாதவன் சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு வேகமாகப் போக வேண்டுமென்றால், அவனுக்கு எடையைக் குறைப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை. 1,500 கிலோ எடையுள்ள குடும்பக் கார் ஒன்றை 225 குதிரைச் சக்தி எத்தனை விறுவிறுப்பாகக் கிளப்புமோ, ஏறக்குறைய அத்தனை விறுவிறுப்பாக 500 கிலோ எடையுள்ள காரை 75 குதிரைச் சக்தியே கிளப்பிவிடும். அதோடு நிற்பதில்லை. நிறுத்துவதற்குச் சிறிய பிரேக் போதும். திருப்பத்தில் வெளியே தள்ளும் விசையும் குறைவு. டயர் தேய்வதும் பெட்ரோல் செலவாவதும் குறைவு. சிறிய பிரேக்கும் மெல்லிய டயரும் தாமே எடை குறைந்தவையாதலால், அவற்றைத் தாங்கும் சட்டமும் மெலியலாம். கடன் எப்படி வட்டி போட்டு வளர்கிறதோ, அப்படியே எடைக் குறைப்பும் தன்மேல் தானே வட்டி போட்டுக்கொள்கிறது. இவ்வளவு லேசான வண்டியில் ஓட்டுகிறவரின் தொந்தியும் கணக்கில் சேரும் என்பது மட்டுமே இதிலுள்ள சங்கடம்.

எடையும் குறைய வேண்டும், உறுதியும் குன்றக்கூடாது என்றால் எப்படி? அக்காலத்துக் கார்களின் சேஸிஸ் நம் வீட்டு ஏணியைப் போன்றது: இரண்டு நீண்ட சட்டங்கள், இடையில் சில குறுக்குக் கட்டைகள். ஒரு மூங்கில் ஏணியின் இரு முனைகளையும் இருவர் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பார்த்தால், அது எவ்வளவு சுலபமாக முறுக்கிக்கொள்கிறது என்பது விளங்கும். மேடு பள்ளத்துக்கு இணங்கிக் கொடுக்க வேண்டியவை ஸ்பிரிங்குகள். சட்டமே முறுக்கிக்கொள்ளத் தொடங்கினால், அடக்குவாரில்லாத ஐந்தாவது ஸ்பிரிங்காக அது மாறி, திருப்பத்தில் எந்தச் சக்கரம் தரையைப் பற்றும், எது விடும் என்று ஓட்டுநருக்குத் தெரியாமல் அடித்துவிடும். தடித்த இரும்பைப் போட்டால் முறுக்கம் குறையும், எடையோ ஏறும்.

இதற்கு விடை நம் ஊர்ப் பந்தல் போடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். நான்கு மூங்கில்களைச் சதுரமாகக் கட்டி நிறுத்தி ஒரு பக்கம் தள்ளினால், எத்தனை இறுகக் கட்டியிருந்தாலும் அது சாய்சதுரமாகச் சரியும். மூலைக்கு மூலை ஒரு மூங்கிலைச் சாய்த்துக் கட்டிவிட்டாலோ அசையாது. அந்தச் சாய்மூங்கில் சதுரத்தை இரண்டு முக்கோணங்களாகப் பிரித்துவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாதவரையில் முக்கோணத்தின் உருவம் மாற வழியில்லை. நீளம், அகலம், உயரம் மூன்று திசையிலும் இப்படி முக்கோணங்களாகவே கோத்துக் கட்டிய கூட்டில், ஒவ்வொரு குழாயும் இழுக்கப்படும் அல்லது அழுத்தப்படும். வளைக்கப்படுவது மட்டும் அபூர்வம். ஓர் ஈர்க்குச்சியை இரு முனையிலும் பிடித்து இழுத்து அறுப்பது எளிதன்று; வளைத்தாலோ கணத்தில் ஒடிந்துவிடும். வளைவை ஒழித்துவிட்டால் ஈர்க்குச்சி போன்ற மெல்லிய குழாய்களே போதும் என்பதுதான் சூட்சுமம். கட்டடச் சட்டங்களையும் பாலங்களையும் படித்தவரும், விமானம் ஓட்டக் கற்றவரும், அலுமினியக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவருமான சாப்மனுக்கு இது கைவந்த கலை. அவர் 1952-இல் வெளியிட்ட ஆறாம் மாடல் காரின் வெற்றுச் சட்டம் சுமார் 55 ராத்தல்தான் இருந்தது. ஓர் ஆள் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம்.

அதற்கு முந்தின ஆண்டில் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் போக மனமில்லை. ஆஸ்டின் செவனை மூலமாகக் கொண்டு கட்டிய கார்களுக்கென்றே 750 மோட்டார் கிளப் என்ற சங்கம் பந்தயங்கள் நடத்திவந்தது. அண்டை வீட்டுக்காரர்களான ஆலன் சகோதரர்களின் ஷெட்டில் அவர்களோடு சேர்ந்து தம் மூன்றாவது காரைக் கட்டிய சாப்மன், ஆஸ்டின் எஞ்சினில் ஒரு குறையைக் கவனித்தார். நான்கு சிலிண்டர்களுக்கு எரிகலவை புகும் வாய்கள் இரண்டே. இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் போல் ஒரே வாயில் குடிக்க வேண்டும். அதிலும் அடுத்தடுத்து உறிஞ்சும் முறை வருவதால், ஒன்றுக்குப் போக வேண்டியதை மற்றொன்று பறித்துக்கொள்ளும். அந்த வாய்க்குள் ஒரு மெல்லிய தடுப்பை நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிவழி உண்டாக்கிவிட்டார் சாப்மன். விதிப் புத்தகத்தில் வாய்களின் எண்ணிக்கையை மாற்றக்கூடாது என்றுதான் இருந்ததேயன்றி, நடுவே சுவர் எழுப்பக்கூடாதென்று எவரும் எழுதி வைத்திருக்கவில்லை. 1951-இல் அந்தக் கார் மற்றவற்றையெல்லாம் பின்தள்ளி ஓடியதைக் கண்ட சங்கம், அந்தத் தந்திரத்தை விதி போட்டுத் தடுத்துவிட்டது. பந்தய உலகில் ஒருவருடைய புத்திக்கூர்மைக்கு இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் கிடையாது.

1952 ஜனவரி முதல் தேதியன்று, ஹேஸலிடம் கடன் வாங்கிய 25 பவுனை மூலதனமாகக் கொண்டு, ஹார்ன்ஸியில் தம் தந்தை நடத்திவந்த ஹோட்டலுக்குப் பின்புறமிருந்த பழைய குதிரை லாயத்தில் லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கினார். தாமரையின் பெயரை ஏன் வைத்தார் என்பதற்கு அவர் விளக்கம் தந்ததில்லை. ஹேஸலுக்கு இட்ட செல்லப் பெயர் என்பார் உண்டு, வேறு கதை சொல்வாரும் உண்டு. சேற்றில் பிறந்து மேலெழும்பும் பூ என்று நம்மவர் எவரேனும் விளக்கம் சொன்னால் அதையும் மறுக்க ஆளில்லை. அவருடைய முதல் கார் ஓடியதே சேற்றுக் குன்றுகளின் மேல் ஏறும் போட்டிகளில்தான்.

ஷெட்டில் கார் கட்டும் பழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியதற்கு ஆர்வம் பாதிக் காரணமென்றால், வரி மறுபாதி. முழுக் காராக வாங்கினால் அரசாங்கத்துக்குக் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரி உறுப்புகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன் இந்தச் சந்தில் நுழைந்த வண்டி. இரண்டு பேர் உட்கார இடம், நான்கு சக்கரம், நீண்ட மூக்கு, மழைக்கு ஒரு துணிக் கூரை. கதவு என்று சொல்லத்தக்கது கிடையாது. பெட்டிகளில் வந்திறங்கும் உறுப்புகளோடு, எப்படிப் பூட்டுவது என்ற விளக்கத்தைச் சேர்த்து அனுப்ப வரிச் சட்டம் இடம்தராததால், எப்படிக் கழற்றுவது என்ற விளக்கத்தை அனுப்பி, பின்னாலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, சாப்மனின் சுபாவத்துக்குப் பொருந்துகிற கதை. 1973-இல் அந்த வரி ஒழிந்து வேறு வரி வந்தபோது சந்தும் அடைபட்டது. செவனை உற்பத்தி செய்யும் உரிமையை அதே ஆண்டில் கேட்டர்ஹாம் கம்பெனி வாங்கிக்கொண்டது. இன்றும் அதைப் பெட்டிகளில் வாங்கி வீட்டில் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் பெட்டியில் வாங்குவதற்கும் பணம் வேண்டுமே! 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுனுக்கே உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டிக்கொள்ளலாம் என்று மார்தட்டும் தலைப்போடு ஒரு புத்தகம் வெளியிட்டார். செவனைப் போன்ற உருவம். உறுப்புகளுக்கு ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட். மலிவு என்ற பொருளும் லோட்டஸ் என்ற ஓசையும் ஒருங்கே தொனிக்க அந்த ஜாதிக் காருக்கு ‘லோகாஸ்ட்’ என்ற பெயர் நிலைத்தது. 250 பவுனில் முடித்தவர்கள் அபூர்வம் என்பதையும், டயருக்கும் பெயிண்டுக்குமே அது போய்விடும் என்பதையும் கட்டியவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

இனி ஷெட்டுக்குள் நுழைவோம். முதல் வேலை, தட்டையான பெரிய பலகை ஒன்றை ரசமட்டம் பார்த்துக் கிடத்தி, சட்டத்தின் அடித்தள வரைபடத்தை முழு அளவில் அதன்மேல் கோடு கிழிப்பது. ஓர் அங்குலச் சதுர எஃகுக் குழாய்களை ஹேக்ஸாவால் அறுத்து, நுனிகளை அரத்தால் ராவி, கோட்டின்மேல் வைத்து, இரு பக்கமும் மரக்கட்டை அறைந்து அசையாமல் செய்கிறார்கள். அறுப்பு எவ்வளவு துல்லியமோ அவ்வளவுக்குப் பற்றவைப்பு எளிது. இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர் பிறகு வருந்துவார். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்துக் குழாயைத் தன்பால் இழுக்கும். அதனால் எடுத்த எடுப்பில் எந்த மூட்டையும் முழுதாகப் பற்றவைப்பதில்லை. மூலைகளில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும் கொத்தனாரைப் போல இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவா என்று பார்த்து, பிறகு பக்கவாட்டுக் குழாய்களை நிறுத்தி, சாய்குழாய்களைக் கோத்து, கூடு முழுவதும் பொட்டுகளிலேயே நின்ற பின்னர்தான், இங்கொரு மூட்டு, எதிர்ப்புறத்தில் ஒரு மூட்டு என்று மாறிமாறி முடிக்கிறார்கள்.

பற்றவைக்கப் புதிதாகக் கற்றவர், வீணான குழாய்த் துண்டுகளைச் சேர்த்துப் பழகி, அவற்றைக் குறுக்கே அறுத்து, உலோகம் உள்வரை உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சட்டத்தில் கை வைக்க வேண்டும். மேலே அழகாகப் படிந்து உள்ளே ஒட்டாமலிருக்கும் மூட்டு பிரம்மராக்ஷஸைப் போன்றது. சமயம் பார்த்திருந்து அடிக்கும். சஸ்பென்ஷன் கைகள் சட்டத்தோடு சேருமிடங்களையும், ஸ்டியரிங் தண்டையும், நீளம் குறைக்க வேண்டிய புரொப்பெல்லர் ஷாஃப்டையும் தேர்ந்த தொழிலாளியிடம் ஒப்படைத்துவிடுவது கௌரவக் குறைவன்று.

இதற்கிடையே தானம் செய்யும் கார் மறுபுறம் பிரிந்துகொண்டிருக்கும். துருவேறிய போல்ட்டுகளோடு மல்லுக்கட்டுவதில் ஞாயிற்றுக்கிழமைகள் கழியும். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டி வைக்காதவர், ஆறு மாதம் கழித்து ஒரு வாளி நிறைய நட்டுகளை முன்னே வைத்துக்கொண்டு விழிப்பார். சட்டம் நிமிர்ந்த அன்று எல்லோரும் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு: வயது முதிர்ந்த குடும்பஸ்தரானாலும், கதவைச் சாத்திக்கொண்டு, இருக்கையில்லாத வெறுங்கூட்டுக்குள் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங் சக்கரத்தைக் கையில் பிடித்தபடி வாயாலேயே எஞ்சின் சப்தம் செய்து பார்ப்பது. பிறகு எஞ்சினும் ஆக்ஸிலும் ஏறும். அலுமினியத் தகடுகளை ரிவெட் அடிப்பார்கள். பிரேக் குழாய்களும் மின்கம்பிகளும் ஓடும். எல்லாம் பூட்டி முடித்ததும் எல்லாவற்றையும் மறுபடி கழற்றிவிட்டுச் சட்டத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் மனந்தளர்ந்து, பாதி முடித்த வண்டியை விளம்பரம் கொடுத்து விற்றுவிடுகிறவர்கள் அநேகர். குற்றஞ்சொல்வதற்கில்லை, அதற்குள் ஒரு குழந்தை பிறந்திருக்கும், அல்லது வீடு மாற வேண்டியிருக்கும்.

முடித்தவர்களுக்கும் ஒரு பரீட்சை காத்திருக்கிறது. ஷெட்டில் பிறந்த காரைத் தெருவில் விடுவதற்கு முன் அதைத் தனியாகச் சோதித்து அங்கீகரிக்கும் முறையை பிரிட்டிஷ் அரசாங்கம் 1998-இல் கொண்டுவந்தது. 2009 முதல் அது இன்னும் கடுமையாயிற்று. பிரேக், விளக்கு, புகை, சப்தம் எல்லாம் பார்ப்பதோடு, பாதசாரியின் மேல் படக்கூடிய வெளி விளிம்புகள் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாத வளைவோடு மழுங்கியிருக்கின்றனவா என்றும் பரிசோதகர் பார்ப்பார். கூர்மையாக எதையும் விடக்கூடாதென்று நட்டுகளுக்கெல்லாம் ரப்பர்த் தொப்பி மாட்டிக்கொண்டு வண்டிகள் வந்து நிற்கும். தொல்லைதான், ஆனாலும் நடந்து போகிறவன் நான் என்ற முறையில் அந்தப் பரிசோதகருக்கே என் ஓட்டு.

தெருவோடு நின்றுவிடவில்லை இந்தக் கார்கள். ஆஸ்டின்களுக்கென்று ஏற்பட்ட அந்த 750 மோட்டார் கிளப்பே பிற்காலத்தில் லோகாஸ்ட் கார்களுக்கும் பந்தயம் நடத்த முன்வந்தது.

மஸ்வெல் ஹில் ஷெட்டில் கட்டிய அந்த முதல் காரோ, 1950-இல் ஒரு பத்திரிகை விளம்பரத்தின் மூலம் விலைபோயிற்று. வாங்கியவர் இங்கிலாந்தின் வடபகுதிக்காரர் என்ற அளவில் சுவடு மறைந்துவிடுகிறது. 2018-இல், அந்த வண்டி பிறந்து 70 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, லோட்டஸ் கம்பெனியும் சாப்மனின் மகன் கிளைவும், ஓ.எக்ஸ். 9292 என்ற எண்ணுள்ள காரை எங்கேனும் கண்டவர்கள் தெரிவிக்கும்படி உலகத்துக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். உங்கள் ஷெட்டில், உங்கள் கொட்டகையில், உங்கள் தாத்தாவின் கராஜில் ஒருமுறை பாருங்கள் என்பதே அவர்களுடைய கோரிக்கையின் சாரம்.